மதுரையில் இறங்க அனுமதியுங்கள்: ரயில்வே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவர் மற்றும் உறுப்பினர்கள், ரயில்வே வாரியம், ரயில் பவன், புதுடெல்லி.
படி: பொது மேலாளர், தெற்கு ரயில்வே, சென்னை.

மதிப்புக்குரியீர்,

வணக்கம். என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சென்னையில் என்னுடன் இருக்கிறார். ஆனால் சொந்த ஊரான நாகர்கோவிலை விட்டு அவர் மனம் இன்னும் வரவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது அழைத்துப் போகிறேன். எழும்பூரிலிருந்து நாகர்கோவில் 700 கிலோமீட்டருக்கு மேல். இரவு முழுவதும் கீழ்ப்படுக்கையில் கால் நீட்டிப் படுத்தாலும், விடியும்போது அவர் எழுந்து நிற்கக் கைத்தாங்கல் தேவைப்படுகிறது. மதுரையில் சித்தி வீடு இருக்கிறது. அங்கே இறங்கி இரண்டு நாள் இருந்துவிட்டு, சித்தி கையால் சாப்பிட்டுவிட்டு, மீனாட்சியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது அம்மாவின் பல நாள் ஆசை. உடம்புக்கும் அதுதான் நல்லது.

இதற்கு ரயில்வேயில் விதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். 'பிரேக் ஜர்னி' என்று கவுண்டரில் சொல்வார்கள். நான் பயண முறிவு என்று எழுதுகிறேன். ஒரே டிக்கெட்டில் நெடுந்தொலைவு போகிறவர், வழியில் ஓர் ஊரில் இறங்கி, தங்கி, அதே டிக்கெட்டில் மீதித் தொலைவைப் போகலாம். போன ஆண்டு இதைக் கேட்கத்தான் அம்மாவுடன் முன்பதிவு மையத்துக்குப் போனேன்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். அந்த முன்பதிவுப் படிவத்தில் தொடர் பயணத்துக்கும் திரும்பும் பயணத்துக்கும் என்று ஓர் இடம் இருக்கிறதல்லவா, அதில் மதுரை–நாகர்கோவில் என்று எழுதி, இரண்டு நாள் தள்ளித் தேதி போட்டேன். கவுண்டரில் இருந்தவர் பொறுமையானவர். படிவத்தை இரு முறை படித்தார். திரையில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மதுரை 500 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறதே அம்மா. முதல் 500 கிலோமீட்டர் போன பிறகுதான் பயணத்தை முறிக்கலாம். விருதுநகர் என்றால் எழுதித் தருகிறேன்" என்றார். விருதுநகரில் எங்களுக்கு யாரும் இல்லை. அம்மா படிவத்தைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

அந்த ஊழியர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. விதியைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தார், சரியாகச் சொன்னார். குறை விதியில் இருக்கிறது. அதை எழுதியவர்களிடம்தான் அதைப் பேசவேண்டும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

விதி சொல்வது இது. டிக்கெட்டின் மொத்தத் தொலைவு 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கவேண்டும். முதல் முறிவு, புறப்பட்ட இடத்திலிருந்து 500 கிலோமீட்டர் கடந்த பிறகே. 1000 கிலோமீட்டர் வரையிலான டிக்கெட்டுக்கு ஒரு முறிவு, அதற்கு மேல் போனால் இரண்டு. ஒவ்வொரு முறிவிலும் இரண்டு நாள் தங்கலாம். வந்து இறங்கும் நாளும் புறப்படும் நாளும் அந்தக் கணக்கில் சேராது. இறங்கிய நிலையத்தில் டிக்கெட்டைக் காட்டி, நிலையத்தின் குறியெழுத்து, தேதி, கையெழுத்து ஆகியவற்றுடன் அதில் குறிப்பு வாங்கிக்கொள்ளவேண்டும். முன்பதிவு செய்தவராக இருந்தால், முறிவை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடவேண்டும். பதிவு செய்த நிலையத்துக்கு முன்னால் நடுவழியில் இறங்கிவிட்டுப் பிறகு உரிமை கேட்க முடியாது. ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இந்த வசதியே கிடையாது.

இதில் பெரும்பாலானவற்றை நான் மறுக்கவில்லை. இரண்டு நாள் போதும். குறிப்பு வாங்கவேண்டும் என்பதும் நியாயமே. ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் போய்விடக்கூடாதே. என் கேள்வி அந்த 500 என்ற எண்ணைப் பற்றியது.

தமிழ்நாட்டின் வரைபடத்தை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். எழும்பூரிலிருந்து விழுப்புரம், விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளி 337 கிலோமீட்டர். மதுரை 500-க்குச் சில கிலோமீட்டர் குறைவு. அந்தச் சில கிலோமீட்டரில் மதுரை விதிக்கு வெளியே விழுந்துவிடுகிறது. மதுரையைத் தாண்டி வரும் திருமங்கலத்தில் இறங்கினால் விதிக்குள் வந்துவிடுவோம்! ஏற்கெனவே கடந்து வந்த மதுரைக்கு அங்கிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வரவேண்டும். முழங்கால் வலிக்கும் ஒரு முதியவளுக்கு இது வழியாகுமா? சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் போகிறவர்கள் எல்லாரும், டிக்கெட் அளவில், பயண முறிவுக்குத் தகுதியுள்ளவர்கள். ஆனால் அவர்கள் இறங்க விரும்பும் ஊர்களான திருச்சி, திண்டுக்கல், மதுரை ஆகிய மூன்றும் 500-க்கு இந்தப் பக்கம். உரிமையைக் கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தக்கூடிய இடங்களை எல்லாம் வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள். ராமேஸ்வரம் போகிறவருக்கும் இதே நிலைதான். ஸ்ரீரங்கத்தில் இறங்க முடியாது, காரைக்குடியில் இறங்க முடியாது.

இதே விதி என் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் கைகொடுத்ததையும் சொல்லவேண்டும். இல்லையென்றால் நான் நன்றி கெட்டவள் ஆவேன்.

நான் கல்லூரியில் படித்தபோது அப்பா எங்களைக் காசிக்கு அழைத்துப் போனார். முன்னதாகவே அவர் மட்டும் ராமேஸ்வரம் போய், கடற்கரை மணலைச் சிறு துணிமுடிச்சில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ராமேஸ்வரத்து மணலைத் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, கங்கை நீரை எடுத்துவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் வாரணாசிக்கு முன் பிரயாகையில் இறங்கியே ஆகவேண்டும். அப்போது நிலையத்தின் பெயர் அலகாபாத். சென்னை–வாரணாசி ஒரே டிக்கெட். 2000 கிலோமீட்டருக்கு மேல், ஆகவே இரண்டு முறிவுக்கு இடம் உண்டு. இறங்கியதும் அப்பா நேராக நிலைய அதிகாரியின் அறைக்குப் போனார். அவருக்கு இந்தி தெரியாது, அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அப்பா டிக்கெட்டை மேசையில் பின்பக்கமாகத் திருப்பி வைத்து, இரண்டு விரலைக் காட்டினார். அந்த மனிதர் தலையசைத்து, நீல மையில் நான்கு எழுத்து எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, மை காய ஊதிவிட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான் வேலை. இரண்டு நாள் கழித்து அந்த நான்கு எழுத்தைக் காட்டி வாரணாசி போய்ச் சேர்ந்தோம். அங்கே வாயிலில் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்கள். அதை ஞாபகமாக வைத்துக்கொள்ள அப்பாவுக்கு ஆசை. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார்.

அப்பா இப்போது இல்லை. காசிக்குப் போகும் வழியில் பிரயாகையில் கிடைத்த அந்த அனுமதி, நாகர்கோவிலுக்குப் போகும் வழியில் மதுரையில் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

"இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே?" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். எடுக்கலாம். எடுத்தும் இருக்கிறோம். ஆனால் உங்கள் கட்டண முறையே தொலைவு கூடக் கூடக் கிலோமீட்டருக்கான விகிதம் குறையும்படி அமைந்தது. 700 கிலோமீட்டருக்கு ஒரே டிக்கெட் எடுப்பவர், அதையே இரண்டாகப் பிரித்து எடுப்பவரைவிடக் குறைவாகத்தான் கொடுப்பார். பயண முறிவு விதியின் உயிரே இதில்தான் இருக்கிறது. தொலைவாகப் போகிறவர் நடுவில் இளைப்பாறினாலும் தொலைவாகப் போகிறவரே என்பதை ரயில்வே ஒப்புக்கொண்டதால்தான் அந்த விதி பிறந்திருக்கிறது. முன்பதிவுக் கட்டணத்தை இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். படுக்கை வகுப்பில் அது 20 ரூபாய். அதிவிரைவு வண்டிக்கான கூடுதல் 30 ரூபாயையும் இரண்டு முறை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். தொலைவுக் கட்டணத்தை மட்டும் அறுக்காதீர்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான்கு பேர் குடும்பமாக ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு.

500 என்பது ஏன் என்று எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் விதிகளுக்குள்ளேயே இன்னோர் எண் இருக்கிறது, 200. முன்பதிவில்லாத டிக்கெட்டில் 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் போகிறவர் மூன்று நாள் முன்னதாகவே டிக்கெட் எடுக்கலாம். அதற்குக் குறைந்த தொலைவுக்கு அன்றன்றைக்கு எடுத்து மூன்று மணி நேரத்துக்குள், அதற்குள் வண்டி இல்லையென்றால் அடுத்து வரும் முதல் வண்டியில், புறப்பட்டாகவேண்டும் என்பது 2016 முதல் நடைமுறை. அதாவது 200 கிலோமீட்டரைத் தாண்டினால் அது நெடும்பயணம், அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். முதல் முறிவுக்கான எல்லையையும் 200 ஆக்குங்கள். மொத்தத் தொலைவு 500-க்கு மேல் இருக்கவேண்டும் என்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியும் திண்டுக்கல்லும் மதுரையும் உள்ளே வந்துவிடும். தமிழ்நாட்டுக்கு மட்டும் சலுகை கேட்பதாக நினைக்கவேண்டாம். எந்த மாநிலத்திலும் 600, 700 கிலோமீட்டர் போகிற பயணிக்கு வழியில் உள்ள பெரிய ஊர் பெரும்பாலும் 500-க்கு முன்னால்தான் இருக்கும்.

ஜப்பானில் 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாதாரண ரயில் டிக்கெட்டிலேயே, பெருநகர வட்டாரங்கள் நீங்கலாக, வழியில் இறங்கி ஏறலாம். எத்தனை முறை என்ற கணக்கும் இல்லை. டிக்கெட் செல்லும் நாள்களுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். தொலைவு கூடக் கூட அந்த நாள்களும் கூடும். அவ்வளவு தாராளத்தை நான் கேட்கவில்லை. நம் நாட்டிலேயே சுற்றுப்பயண டிக்கெட் எடுப்பவருக்கு எட்டு முறிவு வரை கொடுக்கிறீர்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறவருக்கு எட்டு. ஊருக்குப் போகிற என் அம்மாவுக்கு, மதுரையில் ஒன்று வேண்டும்.

இனி இரண்டாவது கவலை. இது முதலாவதைவிடப் பெரிது என்றே நினைக்கிறேன். விதியை நாளைக்கே நீங்கள் 200 ஆக்கினாலும், அதைப் பயன்படுத்த இன்று வழி இல்லை.

டிக்கெட்டில் குறிப்பு வாங்கவேண்டும் என்கிறது விதி. எந்த டிக்கெட்டில்? முன்பதிவுகளில் பெரும்பாலானவை இன்று இணையத்தில்தான் நடக்கின்றன. கையில் காகிதமே இல்லை. கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி இருக்கிறது. முன்பதிவில்லாத டிக்கெட்டும் கைபேசிக்கு வந்துவிட்டது. நீல மையில் நான்கு எழுத்தை எங்கே எழுதுவார்? கவுண்டரில் கொடுக்கும் காகிதப் படிவத்திலாவது தொடர் பயணத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. இணையப் பக்கத்தில் ஏறும் நிலையத்தைக் கேட்கிறீர்கள், இறங்கும் நிலையத்தைக் கேட்கிறீர்கள், ஏறுமிடத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் விடுகிறீர்கள். வழியில் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்பதில்லை. விதி புத்தகத்தில் உயிரோடிருக்கிறது. பயணிகள் டிக்கெட் எடுக்கும் இடத்தில் அது இல்லை.

இதனால் நடப்பது என்ன? விதியை எங்கோ கேள்விப்பட்ட ஒருவர், குறிப்பு வாங்கவேண்டும் என்பது தெரியாமல் வழியில் இறங்கிவிடுகிறார். மறுநாள் அதே டிக்கெட்டுடன் வேறு வண்டியில் ஏறுகிறார். பரிசோதகர் கண்ணில் அவர் முறையான டிக்கெட் இல்லாத பயணி. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி கட்டணத்தோடு கூடுதல் தொகையும் கட்டவேண்டும். அந்தக் கூடுதல் தொகை 250 ரூபாய்க்குக் குறையாது. பணம் போவதைவிட, பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்க நிற்கவேண்டியிருப்பதுதான் கொடுமை. முழுத் தொலைவுக்கும் கட்டணம் கட்டியவர் அவர்.

காகிதம் போனதால் குறிப்பும் போகவேண்டியதில்லை. உங்கள் பரிசோதகர்கள் கையில் இன்று கருவி இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்று அதில் தட்டியதும், காலியான படுக்கை, ஆர்.ஏ.சி.யில் (படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் கிடைத்து) வரும் பயணிக்குப் போய்விடுகிறது. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். பக்கப்படுக்கையில் இருவராக உட்கார்ந்திருந்த ஒரு பையனுக்கு, விழுப்புரம் தாண்டியதும் முழுப் படுக்கை கிடைத்தது. அந்தக் கருவியில் 'இவர் மதுரையில் இறங்கினார், இன்ன தேதி வரை மீதிப் பயணம் செல்லும்' என்று ஒரு வரியைச் சேர்ப்பது கடினமான வேலையாக இருக்க முடியாது. 2019 ஏப்ரலில் இன்னொரு நல்ல ஏற்பாட்டையும் செய்தீர்கள். இரண்டு வண்டிகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துவிட்டால், முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்ட பயணிக்கு, போக முடியாத பகுதியின் பணம் திரும்பக் கிடைக்கிறது. இரண்டு வண்டிகளை ஒரே பயணமாகப் பார்க்க உங்கள் கணினிக்கு அப்போதே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். நடுவில் இரண்டு நாள் இடைவெளியை ஏற்றுக்கொள்ளவும் சொல்லிக்கொடுங்கள்.

மறுபக்கத்தையும் யோசிக்காமல் எழுதவில்லை. மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு இடம் பதிவு செய்வது எளிதல்ல. சென்னையிலிருந்து வரும் வண்டிகளில் இடைப்பட்ட நிலையங்களுக்கான ஒதுக்கீடு குறைவு. முறிவு கேட்பவர்கள் பெருகினால் அந்தச் சிறிய ஒதுக்கீட்டில் நெருக்கடி வரும். உண்மைதான். ஆனால் மதுரையில் இறங்குகிறவர் அங்கே தன் படுக்கையை விட்டுவிட்டுத்தான் போகிறார். மீதித் தொலைவுக்குப் பகல் வண்டியில் இருக்கை கிடைத்தாலே என் அம்மா போன்றவர்களுக்குப் போதும். சிலர் முன்பதிவில்லாத பெட்டியிலேகூடப் போய்விடுவார்கள்.

வழித்தடத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும், பயண முறிவும் வழித்தடமும் ஒட்டிப் பிறந்தவை என்பதால். சென்னையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போய், புதுக்கோட்டை, காரைக்குடி வழி ஒன்று. சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று பழைய மெயின் லைனில் திருச்சிக்குச் சுற்றிப் போவது இன்னொன்று. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய தாம்பரம் வண்டி, மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடியைத் தொடுகிறது. எந்த வழிக்கு டிக்கெட் எடுத்தோமோ அந்த வழியில்தான் அது செல்லும். நீண்ட வழியில் போனால் வித்தியாசத்தைக் கட்டவேண்டும். சரி. ஆனால் முன்பதிவில்லாத டிக்கெட்டில் வழி எப்படி அச்சாகிறது? வி.ஆர்.ஐ., எம்.வி., டி.ஜே. என்று ஆங்கிலக் குறியெழுத்துகளில். வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம், எம்.வி. என்றால் மயிலாடுதுறை, டி.ஜே. என்றால் தஞ்சாவூர் என்று எத்தனை பயணிகளுக்குத் தெரியும்? கும்பகோணத்தில் ஏறிய மூதாட்டி ஒருவர் தன் டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "இது இந்த வண்டிக்குச் செல்லுமா, பார்த்துச் சொல் கண்ணு" என்று கேட்டபோது நானும் அந்த எழுத்துகளைக் கைபேசியில் தேடித்தான் சொன்னேன். வழியிலுள்ள ஊர்ப் பெயரை முழுதாக, டிக்கெட் கொடுக்கும் ஊரின் மொழியில் அச்சிடுங்கள். குறைந்த வகுப்பு டிக்கெட்டில் வட்டார மொழியும் இருக்கவேண்டும் என்பது ரயில்வே சட்டத்தின் 50-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. புறப்படும் ஊருக்கும் சேரும் ஊருக்கும் தமிழ் இருந்தால், நடுவில் உள்ள ஊருக்கும் இருக்கட்டும்.

பயண முறிவு விதியையும் அப்படியே. சந்திப்பு நிலையங்களின் கட்டண அட்டவணைக்குப் பக்கத்தில் பத்து வரியில் தமிழில் எழுதி வையுங்கள். இணைப்பு வண்டிக்காக 24 மணி நேரத்துக்குள் காத்திருப்பது முறிவாகாது என்பதையும் அதில் சேருங்கள். திருச்சி நடைமேடையில் மூட்டைமேல் சாய்ந்தபடி, வெளியே போனால் டிக்கெட் செல்லாதோ என்று பயந்து ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைக்கூடப் பார்க்காமல் இரவு வண்டிக்காகக் காத்துக் கிடப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கோரிக்கைகளைப் பயணிகள் ஆலோசனைக் குழுக்களின் முன் வைக்க தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வாரியம் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால், முதலில் அந்த 500-ஐ மாற்றுங்கள். அதற்குக் கணினியும் வேண்டாம், புதிய தண்டவாளமும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.

அம்மா அன்று மடித்து வைத்த படிவம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. வரும் தை மாதம் ஊரில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவேண்டும். முன்பதிவு தொடங்கும் நாளில் அதே கவுண்டரில் நிற்போம். அதே ஊழியர் இருந்தால் மகிழ்வேன். மதுரை–நாகர்கோவில் என்று மறுபடியும் எழுதித்தான் கொடுக்கப்போகிறேன்.

இப்படிக்கு,
எழும்பூரில் ஏறும் ஒரு பயணி